பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வரும் யூனிட்: ஸ்மார்ட் மீட்டரும் தெருவுக்குள் நடக்கும் மின் விற்பனையும்

ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும் செய்தியும், மாடியில் சூரியத் தகடு வைத்தவர் தன் மின்சாரத்தை அக்கம்பக்கத்தாருக்கே விற்கலாம் என்ற செய்தியும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. அதனால் ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டால் எதிர்வீட்டுக்காரரிடம் மலிவாக மின்சாரம் வாங்கலாம் என்று ஒரு சாராரும், மீட்டரை மாற்றுவதே கட்டணத்தை ஏற்றுவதற்குத்தான் என்று மற்றொரு சாராரும் நம்புகிறார்கள். இரண்டு நம்பிக்கைகளும் மீட்டர் செய்யக்கூடியதற்கு மேலான வேலையை அதன் தலையில் ஏற்றுகின்றன. மீட்டர் அளக்கிறது, அவ்வளவுதான். அளந்ததற்கு என்ன விலை, யார் யாருக்கு விற்கலாம், நடுவில் உள்ள கம்பிக்கு யார் பணம் கொடுப்பது என்பவை எல்லாம் மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையங்கள் எடுக்க வேண்டிய முடிவுகள். அண்டை வீட்டு மின் விற்பனை நல்ல திட்டமா என்பது அந்தக் கடைசிக் கேள்வியில், அதாவது கம்பிக் கட்டணத்தில்தான் பெருமளவு தங்கியிருக்கிறது. அதை விளக்க, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

யூனிட்டும் நேரமும்

ஒரு யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம். இன்று பல வீடுகளில் உள்ள மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுவதைப் பார்க்கலாம். அதன் அருகே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை அது மின்னும் என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் 3,200 என்றும், ஒரு நிமிடத்தில் விளக்கு 16 முறை மின்னுகிறது என்றும் வைத்துக்கொண்டால், அந்த வீடு அப்போது 300 வாட் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்: குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறிகள், ஓரிரு விளக்குகள். அதே நேரத்தில் 750 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விளக்கு நிமிடத்துக்கு 56 முறை, கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு முறை மின்னத் தொடங்கும்.

ஆக, மின்சாரம் எவ்வளவு வேகத்தில் செலவாகிறது என்பது பழைய மீட்டரின் முகத்திலும் நொடிக்கு நொடி தெரிகிறது. ஆனால் அந்த மீட்டர் அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அல்லது வைத்துக்கொண்டாலும் அலுவலகத்துக்குச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் கணக்கீட்டாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துப்போகும் ஒற்றை எண்தான் மின் வாரியத்துக்குத் தெரியும். அந்த இரண்டு மாதத்தில் நண்பகலில் எவ்வளவு, இரவு எட்டு மணிக்கு எவ்வளவு என்ற விவரம் அந்த எண்ணுக்குள் கரைந்துபோய்விடுகிறது.

ஸ்மார்ட் மீட்டர் சேர்ப்பது இந்த நேரக் கணக்கைத்தான். அது நாளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் செலவான யூனிட்டைத் தனித்தனியே பதிந்து, கைப்பேசி வலைப்பின்னல் வழியாகவோ ரேடியோ அலை வழியாகவோ மின் விநியோக நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. 15 நிமிடத் துண்டு என்றால் ஒரு நாளைக்கு 96 துண்டுகள். இந்தியாவில் மின் நிலையங்களின் உற்பத்தித் திட்டமும் இதே 96 துண்டுகளில்தான் வகுக்கப்படுகிறது என்பதால், வீட்டின் கணக்கும் நாட்டின் மின் கட்டமைப்பின் கணக்கும் முதல்முறையாக ஒரே அளவுகோலுக்கு வருகின்றன. மாடியில் சூரியத் தகடு உள்ள வீட்டில் உள்ளே வந்த யூனிட், வெளியே போன யூனிட் இரண்டையும் மீட்டர் தனித்தனியே பதிகிறது.

ஸ்மார்ட் மீட்டரால் மட்டும் மின் செலவு குறைந்துவிடாது. கணக்கைப் பார்த்து வீட்டார் பழக்கத்தை மாற்றினால்தான் குறையும். அதேபோல, முன்பணம் கட்டிப் பயன்படுத்தும் முறையும் மீட்டரின் இயல்பு அன்று. ஒரே மீட்டரை முன்பண முறையிலும் வைக்கலாம், பில் முறையிலும் வைக்கலாம். முன்பண முறை மீதான மக்களின் அச்சம் நியாயமானது. ஆனால் அந்த வாதத்தை நடத்த வேண்டிய இடம் கட்டணக் கொள்கை.

சூரிய மின்சாரத்தைக் கணக்கிடும் நான்கு வழிகள்

மாடியில் 3 கிலோவாட் தகடு வைத்த வீட்டில் நண்பகலில் உற்பத்தி மிஞ்சுகிறது. அந்த மிச்சத்துக்கு என்ன கணக்கு? நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன.

1. நெட் மீட்டரிங் எனப்படும் நிகர அளவீடு. பகலில் வெளியே அனுப்பிய யூனிட்டை, இரவில் வாங்கிய யூனிட்டிலிருந்து அப்படியே கழித்துக்கொள்ளலாம். மின் நிறுவனத்தின் கம்பி கட்டணமில்லாத பேட்டரி போலச் செயல்படுகிறது.

2. நெட் பில்லிங் எனப்படும் நிகரக் கட்டண முறை. அனுப்பிய யூனிட்டுக்கு ஒரு விலை, வாங்கிய யூனிட்டுக்கு வேறு விலை. அனுப்பியதற்குக் கிடைக்கும் விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

3. மெய்நிகர் நிகர அளவீடு. ஓரிடத்தில் உள்ள ஒரே சூரிய மின் நிலையத்தின் உற்பத்தியை, அதில் பங்கு வைத்திருக்கும் பல வீடுகளின் பில்லில் பிரித்துக் கழிப்பது. தில்லியின் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

4. அண்டை வீட்டு விற்பனை. ஆங்கில வழக்கில் பியர் டு பியர் என்று சொல்லப்படுவது இதுதான். மிஞ்சிய யூனிட்டை வீட்டுக்காரர் தாமே விலை சொல்லி இன்னொரு நுகர்வோருக்கு விற்கிறார்.

செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஓர் உண்மை இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. முதல் வழி நடைமுறையில் இருக்கும் இடத்தில் நான்காவது வழிக்கு அநேகமாக வேலையே இல்லை. அனுப்பிய யூனிட்டுக்கு மின் நிறுவனமே முழு யூனிட் திருப்பித் தரும்போது, அதைவிடக் குறைந்த விலைக்குப் பக்கத்து வீட்டுக்கு ஏன் விற்க வேண்டும்? ஆண்டு முழுவதும் தன் தேவைக்கு மேல் உற்பத்தி செய்யும் வீட்டுக்கு வேண்டுமானால் அந்த மிச்சத்தை விற்பதில் ஆர்வம் இருக்கலாம். இந்தியாவில் மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் 500 கிலோவாட் வரை அல்லது அனுமதிக்கப்பட்ட மின்சுமை வரை, இவற்றில் எது குறைவோ அதுவரை, நெட் மீட்டரிங்குக்கு இடம் தருகிறது. அந்த ஏற்பாடு நீடிக்கும் வரை, வீட்டுக்கு வீடு விற்பனை என்பது பெரிய சந்தையாக வளராது. நெட் மீட்டரிங் சுருங்கி நெட் பில்லிங் வரும் இடங்களில்தான் அது உயிர் பெறும்.

விற்ற மின்சாரம் உண்மையில் அந்த வீட்டுக்குத்தான் போகிறதா?

கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு முகவரி கிடையாது. எந்தச் சுமை அருகில் இழுக்கிறதோ அங்கே அது போகும். சூரியத் தகட்டிலிருந்து மிஞ்சிய மின்சாரம், விற்பனை ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் உள்ள அடுத்த வீடுகளில்தான் பெரும்பாலும் செலவாகிறது. ஏரியில் ஒருவர் ஒரு குடம் தண்ணீரை ஊற்ற, மறுகரையில் இன்னொருவர் ஒரு குடம் மொண்டுகொள்வதைப் போன்றது இது. மொண்டது ஊற்றிய தண்ணீரேதானா என்று யாரும் கேட்பதில்லை. ஊற்றியதும் மொண்டதும் சரியாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. ஆகவே அண்டை வீட்டு விற்பனை என்பது அடிப்படையில் ஒரு கணக்குப் புத்தகம். அதில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரவு செலவு எழுத ஸ்மார்ட் மீட்டர் தேவைப்படுகிறது.

ஆனால் கணக்கு மட்டும்தான், கம்பியில் ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு தெருவில் பல மாடிகளில் தகடுகள் இருந்து, நண்பகலில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தால், மிச்ச மின்சாரம் தெருவுக்குள் செலவாகாமல் டிரான்ஸ்ஃபார்மரை நோக்கித் திரும்பிப் போகும். அப்போது கம்பியின் கடைசியில் உள்ள வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட்டைத் தாண்டி ஏறும். வரம்பைக் கடந்தால், தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சூரிய இன்வெர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நல்ல வெயிலில் தகடு சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் தெருவில் யாராவது கூடுதலாக மின்சாரம் எடுத்தால் இந்தச் சிக்கல் குறைகிறது. நண்பகலில் மலிவு விலை சொல்லி ஒருவரை மோட்டார் போடவோ மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜ் செய்யவோ வைக்க முடிந்தால், அந்த விற்பனை கணக்கைத் தாண்டி மின்கட்டமைப்புக்கும் உதவி செய்கிறது. விலையால் யாருடைய பழக்கமும் மாறவில்லை என்றால், முன்பு நடந்ததே நடக்கிறது; பணம் மட்டும் கைமாறுகிறது.

ஒரு கால் மணி நேரம், மூன்று வீடுகள்

ஒரு 15 நிமிடத் துண்டை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்த்தால் எல்லாம் தெளிவாகும். இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. நேரம் 12.00 முதல் 12.15 வரை. மின் நிறுவனம் விற்கும் விலை யூனிட்டுக்கு 7 ரூபாய். மாடியிலிருந்து வருவதை வாங்கும் விலை 3 ரூபாய்.

முதல் வீட்டின் தகடுகள் அப்போது 2.4 கிலோவாட் உற்பத்தி செய்கின்றன. கால் மணி நேரத்தில் 0.6 யூனிட். வீட்டுச் செலவு 0.1 யூனிட் போக 0.5 யூனிட் மிச்சம். குறைந்தது 4 ரூபாய் கிடைத்தால் விற்கலாம் என்று அந்த வீட்டார் முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வீட்டின் கீழ்த்தளத்தில் தையற்கடை. அங்கே 0.3 யூனிட் செலவாகிறது. 6 ரூபாய் வரை கொடுக்கத் தயார். மூன்றாவது வீட்டில் 0.1 யூனிட் செலவு, 3.50 ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள்.

கணினி இவற்றைப் பொருத்திப் பார்க்கிறது. முதல் வீடும் தையற்கடையும் பொருந்துகின்றன. இருவரும் சொன்ன விலைகளுக்கு நடுவே, 5 ரூபாய்க்கு 0.3 யூனிட் கைமாறுகிறது. மூன்றாவது வீட்டுக்கு விலை ஒத்துவராததால் அது வழக்கம்போல மின் நிறுவனத்திடம் 7 ரூபாய் விலையில் எடுத்துக்கொள்கிறது. விற்காமல் மிஞ்சிய 0.2 யூனிட் 3 ரூபாய் விலையில் மின் நிறுவனத்துக்கே போகிறது.

முதல் வீட்டுக்கு வருவாய் 1.50 ரூபாயும் 60 காசும் சேர்ந்து 2.10 ரூபாய். எல்லாவற்றையும் மின் நிறுவனத்துக்கே கொடுத்திருந்தால் 1.50 ரூபாய்தான். லாபம் 60 காசு. தையற்கடைக்கு 2.10 ரூபாய்க்குப் பதில் 1.50 ரூபாய், அங்கேயும் 60 காசு மிச்சம். இருவருக்கும் சேர்த்து 1.20 ரூபாய். இந்தப் பணம் புதிதாக உருவாகவில்லை. 0.3 யூனிட்டை 3 ரூபாய்க்கு வாங்கி 7 ரூபாய்க்கு விற்று மின் நிறுவனம் எடுத்திருக்கக்கூடிய அதே 1.20 ரூபாய்தான் இது.

கம்பிக்கு யார் பணம் கொடுப்பது?

அந்த 4 ரூபாய் இடைவெளி முழுவதும் மின் நிறுவனத்தின் லாபமாக இருந்தால், அது மக்களிடம் திரும்புவதில் யாருக்கும் வருத்தம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், பழுது பார்க்கும் ஊழியர், வழியில் வீணாகும் மின்சாரம், இரவில் தேவைப்படும் மின் நிலையத்தைத் தயாராக வைத்திருக்கும் செலவு எல்லாம் இருக்கின்றன. போதாக்குறைக்கு, குறைந்த பயன்பாட்டு வீடுகளுக்கும் வேளாண்மைக்கும் தரும் சலுகையின் ஒரு பகுதியும் அதிலிருந்துதான் வருகிறது. தையற்கடைக்குப் போன 0.3 யூனிட்டும் அதே கம்பத்தில் தொங்கும் கம்பியில்தான் போயிற்று. மேகம் மூடினால் அந்தக் கடைக்கு மறு நொடியே மின்சாரம் கொடுப்பதும் அதே மின் நிறுவனம்தான்.

ஆகவே கம்பியைப் பயன்படுத்தியதற்கு ஒரு கட்டணம் வேண்டும். இதை வீலிங் கட்டணம் என்பார்கள். மேலே சொன்ன கணக்கில் யூனிட்டுக்கு 2 ரூபாய் என்று வைத்தால், 1.20 ரூபாயில் 60 காசு கம்பிக்குப் போகும்; மீதி 60 காசை இரு வீட்டாரும் பிரித்துக்கொள்ளலாம். 4 ரூபாய் என்று வைத்தால் விற்பனையே நடக்காது. கட்டணமே இல்லை என்று வைத்தால் விற்பனை செழிக்கும். ஆனால் கம்பியின் செலவு மாடியும் தகடும் இல்லாத வாடகை வீட்டுக்காரரின் பில்லில் போய் ஏறும். மாடி உள்ளவர் பெறும் லாபத்துக்கு மாடி இல்லாதவர் பணம் கட்டும் நிலை வரக்கூடாது என்பதில் எந்த ஆணையமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மறுபக்க நியாயமும் உண்டு. தெருவுக்குள்ளேயே உற்பத்தியாகித் தெருவுக்குள்ளேயே செலவான மின்சாரம், பல நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து உயர் அழுத்தக் கோபுரங்கள் வழியாக வரவில்லை. அந்த மேல்மட்டக் கட்டமைப்புக்கான கட்டணத்தை முழுமையாக அதன்மீது சுமத்துவது நியாயமன்று. முழுக் கட்டணத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் உண்மையான விவாதம்.

வாலன்ஸ்டாட்டில் என்ன நடந்தது?

இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்ட சோதனைகளில் ஒன்று சுவிட்சர்லாந்தின் வாலன்ஸ்டாட் என்ற சிற்றூரில் நடந்தது. சாங்க்ட் காலன் மாநிலத்தில் வாலன்சே ஏரிக்கரையில் உள்ள ஊர் அது. குவார்ட்டியர்ஷ்ட்ரோம், அதாவது குடியிருப்பு மின்சாரம், என்ற பெயரில் 2019-ஆம் ஆண்டு முழுவதும் நடந்த சோதனையில் 37 நுகர்வோர் பங்கேற்றனர். பெரும்பாலோர் வீட்டில் சூரியத் தகடு இருந்தது. சில வீடுகளில் பேட்டரியும் இருந்தது. ஒரு முதியோர் இல்லமும் அவர்களில் ஒன்று. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஏலம். விற்பவர் குறைந்தபட்ச விலையையும் வாங்குபவர் அதிகபட்ச விலையையும் இணையப் பக்கத்தில் பதிந்தனர். ஊரின் மின் நிறுவனமே சோதனையில் கூட்டாளியாக இருந்து, மிஞ்சியதை வாங்கிக்கொண்டது, குறைந்ததைக் கொடுத்தது. தெருவுக்குள் கைமாறிய மின்சாரத்துக்குக் கம்பிக் கட்டணம் குறைக்கப்பட்டது.

ஊரின் சூரிய மின்சாரத்தில் ஊருக்குள்ளேயே கணக்கில் செலவான பங்கு, தனித்தனி வீடாக இருந்த நிலையோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ இரட்டிப்பானது. இதில் முதியோர் இல்லம் போன்ற ஓர் இடத்தின் பங்கைக் கவனிக்க வேண்டும். எல்லா வீட்டு மாடிகளிலும் வெயில் ஒரே நேரத்தில்தான் அடிக்கிறது. எல்லா வீடுகளிலும் ஆள் இல்லாத நேரமும் அதுவே. ஒரே மாதிரியான வீடுகள் தங்களுக்குள் விற்பதற்கு அதிகம் இருக்காது. பகல் முழுக்கச் சமையலறையும் சலவை இயந்திரமும் ஓடும் ஓர் இடம் நடுவில் இருந்தால்தான் சந்தை நிற்கும். நம் ஊர்த் தெருவில் அந்த இடத்தைப் பள்ளியோ மாவு மில்லோ சிறு மருத்துவமனையோ பிடிக்கும்.

நாள்தோறும் உட்கார்ந்து விலையை மாற்றிக்கொண்டிருக்க மக்களுக்கு நேரமில்லை என்பதையும் இத்தகைய திட்டங்கள் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. வாலன்ஸ்டாட்டிலேயே விலையைக் கணினி தானாக நிர்ணயிக்கும் முறையும் சோதிக்கப்பட்டது. பங்குச் சந்தை போல வீட்டுக்கு வீடு பரபரப்பாக விலை பேசும் காட்சி விளம்பரத்துக்குப் பொருந்தும். நிலைத்து நிற்கக்கூடியது தானே ஓடும் எளிய கணக்கு முறை.

சோதனையைவிட முக்கியமானது அதன் பின் அந்த நாட்டில் வந்த சட்டம். 2024 ஜூன் 9 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் புதிய மின்சாரச் சட்டத்தை ஏற்றனர். அதன்படி 2026 ஜனவரி 1 முதல் ஒரே நகராட்சிக்குள் உள்ள நுகர்வோர் உள்ளூர் மின் சமூகம் அமைத்து, பொதுக் கம்பி வழியாகவே தங்களுக்குள் மின்சாரம் விற்கலாம். அவ்வாறு கைமாறும் மின்சாரத்துக்குக் கம்பிக் கட்டணத்தில் 40 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி வேறு அழுத்த நிலைக்கு ஏறி இறங்க வேண்டியிருந்தால் தள்ளுபடி 20 சதவீதமாகக் குறையும். பூஜ்யத்துக்கும் முழுமைக்கும் நடுவே எங்கே நிற்பது என்ற கேள்விக்கு ஒரு நாடு எண்ணால் கொடுத்த விடை இது. தள்ளுபடியின் அளவை டிரான்ஸ்ஃபார்மரோடு கட்டிப்போட்டிருப்பதுதான் அதில் மிகச் சரியான பகுதி.

புரூக்ளினும் வங்கதேசமும்

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் பெயர் நியூயார்க்கின் புரூக்ளின். 2016 ஏப்ரலில் அங்கே பிரெசிடென்ட் தெருவில், ஒரு பக்கத்தில் சூரியத் தகடு வைத்த ஐந்து வீடுகள் மிஞ்சியதை எதிர்ப்பக்கத்து ஐந்து வீடுகளுக்கு விற்கும் ஏற்பாடு தொடங்கியது. பிளாக்செயின் என்ற பகிர்ந்த கணக்கேட்டில் அது பதியப்பட்டது. உலகமெங்கும் இந்த யோசனையைப் பரப்பியது அந்தத் தெருதான். ஆனால் கம்பிகள் வழக்கமான மின் நிறுவனத்துடையவை. வீட்டுக்காரர் நேரடியாக மின்சாரம் விற்பதற்கு அந்த மாநில விதிகள் இடம் தரவில்லை. தொழில்நுட்பம் தயாராக இருந்தும் சட்டம் தயாராக இல்லாததால் அது பரவலான வணிகமாக வளரவில்லை.

பிளாக்செயினைப் பற்றி ஒரு சொல். ஒருவரை ஒருவர் நம்பாத பலர், நடுவர் இல்லாமல் கணக்கு வைத்துக்கொள்ள அது உதவும். இங்கே மீட்டரை வைப்பதும் படிப்பதும் முத்திரையிடுவதும் மின் நிறுவனம். அதை நம்பித்தான் எல்லாக் கணக்கும் தொடங்குகிறது என்னும்போது, சாதாரணத் தரவுத்தளமே பெரும்பாலும் போதும்.

வங்கதேசத்தின் கதை வேறு. மின் கம்பி எட்டாத கிராமங்களில் லட்சக்கணக்கான வீடுகள் தகடும் பேட்டரியும் கொண்ட சிறு சூரிய அமைப்பை வாங்கியிருந்தன. பேட்டரி நிறைந்த பின் வரும் மின்சாரம் வீணாயிற்று. சோல்ஷேர் என்ற நிறுவனம் 2015-ல் ஷரியத்பூரில் தொடங்கிய முறையில், வீடுகளுக்கிடையே தனிக் கம்பி இழுத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு பெட்டியை வைத்து, மிச்சத்தைத் தகடு இல்லாத வீட்டுக்கு விற்கச் செய்தார்கள். அங்கே மின்சாரம் மெய்யாகவே பக்கத்து வீட்டுக்குத்தான் போயிற்று. வேறு போக்கிடம் அதற்கு இல்லை. அரசின் மின் கம்பி கிராமங்களுக்கு வந்து சேர்ந்த பின் அந்தத் தேவை மாறத் தொடங்கியது.

இந்தியாவில் நிலை

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், உரிமம் பெற்ற விநியோக நிறுவனத்தை மையமாக வைத்து எழுதப்பட்டது. பிறரின் கம்பி வழியாக வேறொருவரிடம் மின்சாரம் வாங்கும் திறந்த அணுகல் உரிமை முதலில் 1 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய நுகர்வோருக்கே இருந்தது. 2022-ஆம் ஆண்டுப் பசுமை மின் விதிகள் அந்த வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. 3 கிலோவாட் வீடு அந்த வரம்புக்கும் வெகு கீழே நிற்கிறது. ஆகவே வீட்டுக்கு வீடு விற்க வேண்டுமானால் மாநில ஆணையம் தனியே வழி வகுக்க வேண்டும். உத்தரப் பிரதேசம் அதில் முன்கை எடுத்தது. லக்னோவில் கட்டடங்களின் கூரைகளை இணைத்து நடந்த சோதனையில், ஆஸ்திரேலியாவின் பவர் லெட்ஜர் நிறுவனத்தின் கணக்கு முறை பயன்படுத்தப்பட்டது; கைமாறிய மின்சாரத்தின் விலை சில்லறைக் கட்டணத்தைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. அதன் பிறகு தில்லி, கர்நாடகா ஆணையங்களும் இந்த விற்பனைக்கு விதிகள் வகுத்தன.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே வீட்டுக் கட்டணம் இரண்டு மாத மொத்தப் பயன்பாட்டின்மேல் அடுக்கடுக்காகக் கணக்கிடப்படுகிறது. 2016-ல் வந்த 100 யூனிட் இலவசச் சலுகையும் அந்த இரண்டு மாதக் கணக்கில்தான் அடங்குகிறது. அண்டை வீட்டு விற்பனை கால் மணி நேரத்தில் நடக்கிறது. இந்த இரு கணக்குகளும் மோதும் இடங்கள் இவை:

1. குறைவாகப் பயன்படுத்தும் வீடு மிகக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ மின்சாரம் பெறுகிறது. அந்த வீட்டுக்கு 5 ரூபாய் விலையில் பக்கத்து வீட்டு யூனிட் எந்த வகையிலும் மலிவு ஆகாது.

2. உச்ச அடுக்கில் இருக்கும் பெரிய வீட்டுக்கு அதே யூனிட் மிக மலிவு. ஆகவே சந்தைக்கு முதலில் வருபவர்கள், மற்றவர்களின் சலுகைக்குப் பங்களிக்கும் அதே நுகர்வோராக இருப்பார்கள்.

3. பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிய 60 யூனிட்டை அடுக்குக் கணக்கில் சேர்ப்பதா, கழிப்பதா? கழித்தால், 500 யூனிட்டைத் தாண்ட வேண்டிய வீடு தாண்டாமலேயே தப்பித்து, எல்லா யூனிட்டுக்கும் குறைந்த அடுக்கின் பயனைப் பெறும்.

இவற்றுக்கு விடை எழுதாமல் சந்தையைத் திறந்தால் சலுகைக் கட்டணத்தின் அடித்தளம் மெல்ல அரிக்கப்படும். நேரம் சார்ந்த கட்டணம் இதற்கு ஓரளவு பாலமாகலாம். மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விதித்திருத்தம், ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்களுக்குச் சூரிய நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கிறது. சென்னை தியாகராய நகரில் ஏற்கெனவே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. பகலில் மின் நிறுவனமே மலிவாகக் கொடுத்தால், பக்கத்து வீட்டை நாட வேண்டிய அவசியம் குறையும். என் மதிப்பீட்டில், அடுக்கக வாசிகளுக்கு மெய்நிகர் நிகர அளவீடும், எல்லாருக்கும் பகல்நேரச் சலுகையும் தருவது, வீட்டுக்கு வீடு ஏலம் நடத்துவதைவிட விரைவாகவும் நியாயமாகவும் பயன் தரும். ஏலம் அதன் பிறகு வரலாம்.

எதிர்பார்க்கக் கூடாதவை

மின்வெட்டு நேரத்தில் பக்கத்து வீட்டுச் சூரிய மின்சாரம் கைகொடுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். மின் நிறுவனத்தின் இணைப்பு அறுந்ததும் பேட்டரி இல்லாத சாதாரண சூரிய இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர், செத்த கம்பி என்று நம்பித் தொடும் கம்பியில் யாரோ ஒருவர் மாடியிலிருந்து மின்சாரம் வந்தால் அவர் உயிர் போய்விடும். அதற்காகவே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அதை யாரும் ஏமாற்ற முயலக் கூடாது.

மாலை உச்ச நேரத்துக்கும் இது தீர்வன்று. சூரியன் மறைந்த பின், வீடுகளில் விளக்கும் ஏசியும் ஒன்றாக ஓடும் நேரத்தில், பேட்டரி இல்லாத தெருவில் விற்பதற்கு எதுவும் இருக்காது.

மீட்டர் சொல்லும் கதை

வீட்டின் மொத்த மின்னோட்டத்தை மட்டும் பார்த்தே உள்ளே எந்தக் கருவி எப்போது ஓடியது என்று பிரித்தறிய முடியும் என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் 1980-களிலேயே காட்டினார். 15 நிமிடக் கணக்கில் அவ்வளவு நுட்பம் தெரியாது. ஆனால் வீட்டார் எப்போது எழுந்தார்கள், எப்போது ஊரில் இல்லை, எந்த இரவில் விடிய விடிய விளக்கு எரிந்தது என்பது தெரியும். இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 2009-ல் நெதர்லாந்தின் மேலவை கட்டாய ஸ்மார்ட் மீட்டர் மசோதாவை ஏற்க மறுத்தது. பிறகு மறுக்கும் உரிமையோடு திட்டம் திருத்தப்பட்டது. அண்டை வீட்டு விற்பனையில் இந்தக் கவலை இன்னும் கூர்மையானது. எந்த நேரத்தில் யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் திரையில் பெயரோடு வந்தால், வீடு பூட்டியிருக்கும் நாளும் அவருக்குத் தெரிந்துவிடும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் மாத மொத்தம் மட்டும் தெரிந்தால் போதும். துண்டு துண்டான கணக்கு ஆளைக் காட்டாத வடிவில் கணக்கிடும் அமைப்பிடம் மட்டும் இருக்க வேண்டும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இதை மாநில ஆணையங்கள் தங்கள் விதிகளில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரிலும் ஒரு மீட்டர்

விநியோகச் சீரமைப்புக்காக மத்திய அரசு 2021-ல் தொடங்கிய திட்டத்தில் வீட்டு மீட்டர்களோடு தெரு டிரான்ஸ்ஃபார்மர்களிலும் மீட்டர் வைப்பது அடங்கும். செய்திகளில் இடம் பெறாத இந்த மீட்டர்தான் இந்த விஷயத்தில் மிக முக்கியமானது. ஒரு தெருவில் அண்டை வீட்டு விற்பனை தொடங்கிய பின், அதன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக நண்பகலில் வெளியேறும் மின்சாரம் குறைந்ததா, அதன் உச்சச் சுமை இறங்கியதா என்பதை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே காட்டிவிடும். குறைந்திருந்தால், அந்தத் தெருவாசிகள் கம்பிக் கட்டணத்தில் தள்ளுபடி கேட்பது உரிமை. குறையவில்லை என்றால், அவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடியை வேறு தெருவில் யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தள்ளுபடியின் அளவை விண்ணப்பத்தில் சொல்லப்படும் வாக்குறுதியைப் பார்த்து முடிவு செய்யாமல், ஓராண்டு டிரான்ஸ்ஃபார்மர் கணக்கைப் பார்த்து நிர்ணயிக்கும் விதியை எந்த மாநில ஆணையமும் இன்றே எழுதலாம். அதற்குத் தேவையான அளவீடு கம்பத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது.